அச்சு அசலாகப் பாடாதவர்

சங்கரலிங்கம் அண்ணாச்சி காலமான செய்தி எனக்குப் பாபநாசத்தில் வைத்துக் கிடைத்தது. மாலைக் கச்சேரிக்காக வேனிலிருந்து கீபோர்டை இறக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் டோலக் வாசிக்கும் முத்தையா எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஓடிவந்தார். "அண்ணாச்சி போயிட்டாவளாம் வே. நெஞ்சுவலின்னு சொல்லியிருக்காவ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுட்டாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடுத்த வாரம் வந்து ஒரு பாட்டைப் பாடிப் பதிந்துவிடலாம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்.

திருநெல்வேலி டவுனில் பலருக்கு அவரைத் தாலுகா ஆபீஸ் கிளார்க்காகத் தெரியும். எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு அவர்தான் முதன்மைப் பாடகர்; அன்றும் ஆபீஸ் முடிந்து பஸ் ஏறி வருவதாக இருந்தார். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணம் என்று பாபநாசம் முதல் ஏரல் வரை ஆற்றோரத்து ஊர்களில் எல்லாம் பாடியிருக்கிறார்.

மெல்லிசை மேடையில் பாடகனுக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, 'அப்படியே கேசட்டு மாதிரியே இருக்கு' என்பதுதான். மூச்சு வாங்குகிற இடம்கூட மாறக்கூடாது. அண்ணாச்சியும் ஹிட் பாட்டுகளை அப்படியே பாடிக் கைதட்டு வாங்குவார். ஆனால் கச்சேரிக்கு ஒரு பாட்டு தம் இஷ்டத்துக்குப் பாடுவேன் என்பது, குழுவில் சேர்ந்த அன்றே அவர் போட்ட நிபந்தனை.

எங்கள் தலைமுறை தலையில் வைத்துக் கொண்டாடிய இசையமைப்பாளர் ஒருவர் உண்டு. அவருடைய பாட்டுகளில் கேசட்டில் வந்து, படத்தில் வெட்டுப்பட்டு, யாரும் சீந்தாமல் போனவற்றை அண்ணாச்சி தேடிப் பிடிப்பார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். "ஹிட்டான பாட்டுல ஏற்கனவே ஊர்ப்பட்ட பேரு குடியிருக்காவ வே. இது காலியா கெடக்கு. நாம போயி இருக்கலாம்லா?" என்றார்.

அப்படி அவர் குடிபோன பாட்டு ஒன்று, மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு. கேசட்டில் அது ஒரே ஆர்ப்பாட்டம். நாதஸ்வரம், கோரஸ், குலவை எல்லாம் உண்டு. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க என்பதற்கு மேல் வரிகளில் ஒன்றுமில்லை. அண்ணாச்சி டோலக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஆர்மோனியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பைய அதைப் பாடுவார். அதே வரிகள்தான். ஆனால் பந்தலில் எல்லோரையும் உபசரித்துக்கொண்டே, நாளைக்கு மகள் வீட்டில் இருக்கமாட்டாள் என்று நினைக்கிற ஒரு தகப்பனார் நம் கண் முன்னால் நிற்பார். எழுதிய கவிஞருக்கே இது தெரியுமா என்று நான் யோசித்ததுண்டு.

ஏரலில் ஒரு கொடையில் அதைப் பாடியபோது கூட்டம் கத்தியது. "ஏலே, தூக்கம் வருது! டப்பாங்குத்து போடுங்கலே!" என்று ஒருவன் செருப்பைக் காட்டினான். விழாக் கமிட்டித் தலைவர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பாடினார். அந்த ஊரில் மறுவருஷம் எங்களைக் கூப்பிடவே இல்லை.

ஆனால் கொஞ்ச நாள் கழித்து, அதே ஏரலில் இருந்து ஒரு அம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அம்மாள் கையில் ஒரு கேசட். "கடைக்காரன் ஏமாத்திட்டான் ஐயா. நீங்க பாடுனது இதுல இல்ல. இது ஏதோ கூத்தா இருக்கு" என்றார். இரண்டும் ஒரே பாட்டுதான் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. அன்றுதான் இதை எப்படியாவது பதிந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது.

பாளையங்கோட்டையில் ஒரு கேசட் கடை மாடியில் பதிவு அறை இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அவரை அழைத்துப் போனேன். ஆர்மோனியத்தில் நானே உட்கார்ந்தேன். பாதி பாடிவிட்டு நிறுத்தினார்.

"இன்னைக்கு வேண்டாம் வே."

"நல்லாத்தானே வந்துச்சு அண்ணாச்சி?"

"நல்லாத்தான் வந்துச்சு. இதக் கேசட்டுல போட்டா, நாலு பேரு இதையே அச்சு அசலா பாடுவானுவ. நான் மூச்சு விட்ட எடத்துல அவனும் மூச்சு விடுவான். அதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?"

நான் கத்திவிட்டேன். "அப்போ உங்களோட போகட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். பிறகு ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். இவ்வளவு வீம்பு ஒரு மனிதருக்கு ஆகாது என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். இப்போது பத்திரிகைக்குக் கொடுக்க ஒரு போட்டோ இருக்கிறது, குரல் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை டவுனில் இரங்கல் கூட்டம் நடந்தது. அந்தப் பாட்டை என்னைப் பாடச் சொன்னார்கள். எத்தனையோ மேடைகளில் பக்கத்தில் இருந்து கேட்டவன் நான். அதே சுருதி, அதே நிதானம், 'உட்காருங்க' என்ற சொல்லுக்கு முன்னால் அவர் விடுகிற அதே இடைவெளி. ஒன்றும் தப்பவில்லை. பாடி முடித்தபோது கூட்டமே கண்ணைத் துடைத்தது. "அண்ணாச்சியே வந்து பாடுன மாதிரி இருந்துச்சு வே" என்று முத்தையா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நானும் நினைத்தேன்.

அண்ணாச்சியின் மகள் கோமதி வாசல் வரை கூடவே வந்தாள்.

"நல்லா இருந்துச்சு சித்தப்பா" என்றாள். "ஆனா அப்பா இருந்தா, பாதியிலேயே எந்திரிச்சுப் போயிருப்பாவ."

போய் வாருங்கள், அண்ணாச்சி. உங்கள் மாதிரி பாடினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். என் மாதிரி பாட எனக்கு வரவில்லை. ஆர்மோனியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியைக்கூடத் தொடங்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.