பாதி பார்த்த படம்

அந்த டயாலிசிஸ் பிரிவில் ஆறு நாற்காலிகள். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், கையை நீட்டிக்கொண்டு அசையாமல் சாய்ந்திருக்க வேண்டும். பதினோரு வருடமாக அங்கே ஊசி குத்தி இயந்திரத்தை ஓட்டுகிறவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் சினிமா சிஸ்டர். வாரத்துக்கு இரண்டு படமாவது பார்த்துவிடுவாள். ஊசி இறங்கும்போது அதைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதி வலி தெரியாது.

"பேய்ப் படமாம். பேய் வர்றதுக்கு முன்னாடியே மியூசிக் வந்து தகவல் சொல்லிடுது. அப்புறம் எங்க பயப்படுறது?" என்பாள். துப்பறியும் படமென்றால், "அவ்வளவு பெரிய நடிகர் சும்மா செடிக்குத் தண்ணி ஊத்தவா வந்தார்? அப்பவே தெரியும், அவர்தான் கொலைகாரன்னு." காதல் படத்துக்கு, "ஒரு போன் போட்டுப் பேசியிருந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்." விண்வெளிப் படம் ஒன்று அவளுக்குச் சுத்தமாகப் புரியவில்லை, ஆனாலும் அழுதாளாம். அதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மூன்றாவது நாற்காலிக்காரர் பள்ளி வேன் ஓட்டியவர். அவர் மனைவி நாலு மணி நேரமும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

"சிஸ்டர், இந்த வைத்தியம் ஆரம்பிச்சதிலேர்ந்து அவ சிரிச்சே பார்க்கலை. சிரிக்கிற மாதிரி ஒரு படம் சொல்லுங்க" என்றார் ஒரு செவ்வாய்க்கிழமை.

முந்தின வாரம் சிஸ்டர் வீட்டில் ஒரு நகைச்சுவைப் படம் போட்டிருந்தாள். இடைவேளை வரை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அசதியில் தூங்கிவிட்டாள். பாதிதான் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சினிமா சிஸ்டர் என்ற பேர் என்ன ஆவது?

"கண்ணை மூடிக்கிட்டு இதைப் பாருங்கண்ணா" என்று பெயரைச் சொன்னாள்.

வியாழக்கிழமை அவர் ஊசி இறங்கிய பிறகு மெல்லக் கேட்டார். "நீங்க முழுசாப் பார்த்துட்டுத்தானே சொன்னீங்க?"

"ஆமாண்ணா. கடைசில கொஞ்சம் சோகம்தான்..." குத்துமதிப்பாக அடித்துவிட்டாள்.

"இடைவேளைக்கப்புறம் படத்துல வர்ற அப்பாவுக்குக் கிட்னி போகுது. நம்ம மாதிரியே மெஷின். பத்தே நிமிஷத்துல ஆளைக் கொன்னுட்டாங்க." அவர் வராந்தாப் பக்கம் பார்த்தார். "நான் ரொம்ப நாள் தாங்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்னு அவ சொல்றா. எங்களைத் தயார்படுத்தத்தான் இந்தப் படத்தைச் சொன்னீங்களாம். ரெண்டு நாளா அவ சரியாச் சாப்பிடலை."

இயந்திரத்தில் அழுத்தம் சரியாக இருந்தும் சிஸ்டர் அதை மூன்று முறை பார்த்தாள். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யும் சொல்லியாயிற்று. அதற்கு மேல் நிற்க முடியாமல், பக்கத்தில் இருந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனாள்.

"அண்ணி, நான் அந்தப் படத்தைப் பாதிதான் பார்த்தேன். தூங்கிட்டேன். அண்ணா ரிப்போர்ட்ல புதுசா எதுவும் இல்லை, டாக்டரையே கேளுங்க. என் வீம்புல சொன்னது."

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். "தூங்கிட்டேன்னு சொல்றதுல என்ன சிஸ்டர் கௌரவக் குறைச்சல்?" குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் அவர் மூச்சு விடுறாரான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

மன்னிப்புக் கேட்டாள். அவர் எழுந்து முகம் கழுவப் போனார்.

அன்று மாலை வீட்டில் அவள் மிச்சப் படத்தைப் போட்டாள். எதையும் தள்ளிவிடாமல் பார்த்தாள். படத்தில் அந்த டயாலிசிஸ் குழாய்களில் ரத்தமே இல்லை, இயந்திரமும் ஓடவில்லை. வேறொரு நாளாக இருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பாள். இப்போது அதைக் கண்டுபிடித்ததுகூடக் கூச்சமாக இருந்தது.

ஆனாலும் சனிக்கிழமை வராந்தாவில் சொல்லிப் பார்த்தாள். "அந்த மெஷின் ஓடவே இல்லை அண்ணி. சும்மா செட்டு."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்?"



மூன்றாவது நாற்காலிக்காரர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே, "வேற என்ன பார்த்தீங்க?" என்று கேட்டுவிட்டார். வராந்தாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவள் சொன்னாள். எந்த இடம் வரை பார்த்தாள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு படத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் மனைவி மட்டும் இன்றுவரை அவளிடம் மருந்து நேரத்தைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.