பாதி மிதி

அந்தப் பெடல் பார்ப்பதற்கு ஒற்றைக்கால் செருப்பு மாதிரிதான் இருக்கும். கருப்பு பிளாஸ்டிக், அடியில் ஒரு டப்பா, டப்பாவிலிருந்து ஆறு ஒயர். பழைய லாரிகளில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கம்பி இழுபடும். கோளாறு என்றால் கம்பி அறுந்திருக்கும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நானும் குனிந்து பார்த்துக் கட்டிவிடுவேன். இப்போது வருகிற வண்டிகளில் கம்பி கிடையாது. எவ்வளவு மிதிக்கிறோம் என்று டப்பாவுக்குள் இருக்கும் சென்சார் அளந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதிலும் இரண்டு சென்சார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கம்ப்யூட்டர் இரண்டையுமே நம்பாமல் வண்டியை நடைவேகத்துக்கு இறக்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்திருந்தால், கல்யாணமான நாளிலிருந்து குடும்பம் முதல் கியரைத் தாண்டியிருக்காது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது மச்சானால்தான். என் மனைவியின் அண்ணன். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லரை இருபத்தைந்து வருஷம் ஓட்டியவர். எனக்குத் திருவொற்றியூரில் சாலையோரமாக மூன்று தகரம் போட்ட பட்டறை. மெக்கானிக் என்று பெயர்தானே தவிர டிரெய்லர் ஓட்ட வராது. ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கப்போய் டீக்கடை பெஞ்சை முடித்துவைத்தேன். அதற்குப் பிறகு என் கையில் சாவியைப் பார்த்தாலே டீக்கடைக்காரர் பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

முதலில் மச்சான் வந்து, "மாப்ளே, மிதிச்சா ஏற மாட்டேங்குது, வண்டி தூங்கிகினு கீது" என்றபோது டீசல் ஃபில்டரை மாற்றினேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தலைவலி என்று யாராவது வந்தாலும் ஃபில்டரைத்தான் தேடுவேன். இரண்டு நாள் ஓடியது. மறுபடி தூங்கியது. அந்த வண்டியின் ஓனர் தானே ஏறி ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஓட்டிப் பார்த்தார். பாவி வண்டி, அன்றைக்கென்று குதிரை மாதிரி பறந்தது. இறங்கி, நாலு டிரைவர்கள் நிற்கும்போதே, "வண்டி நல்லா கீது. உன் காலைப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓனர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது எங்கே போய்க் குத்தியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஒரு வாரம் கழித்துப் பகல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. துறைமுகச் சாலையில் டிரெய்லர்கள் வால் நீட்டிக்கொண்டு நிற்க, மச்சானின் வண்டி நடுவில் மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது முன்னாலும் பின்னாலும் எல்லாரும் எஞ்சினை அணைத்துவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் கேபினை விட்டு இறங்கவில்லை. வலது கால் செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"இன்னா மச்சான், செருப்புக்குச் சோறு ஊட்றியா?"

அவர் சிரிக்கவில்லை. "மாப்ளே, ஓனர் சொன்னது மெய்தான்டா. காலுதான் போச்சு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பத்து வருஷமாகச் சர்க்கரை. ஆறு மாதமாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் செருப்பு கழன்றது தெரியாமல் நாலு கடை தாண்டி நடந்திருக்கிறார். பூக்கார அம்மா கூப்பிட்டு, "யோவ், ஒத்தச் செருப்போட எங்க போற?" என்று கேட்டபிறகுதான் கீழே பார்த்தாராம். தங்கச்சியிடம் சொல்லவில்லை, டாக்டரிடம்கூடப் பாதிதான் சொல்லியிருக்கிறார். "வண்டிய வுட்டா எனக்கு இன்னா தெரியும், சொல்லு? மிதிக்கிறேன்னு நெனச்சிக்கினு மிதிக்காம கீறேன் போல" என்றார்.

எனக்குத் துக்கத்தில் ஆறுதல் சொல்ல வராது. வாயைத் திறந்தால் ஏதாவது நக்கல்தான் விழும். அதனால் மெஷினை எடுத்தேன். வண்டியில் சொருகினால் கோளாறைக் காட்டும் மெஷின். யாரோ விற்றதை வாங்கியது. திரை முழுக்க இங்கிலீஷ். கஸ்டமர் முன்னால் அதைப் பார்த்து "ம்ம்ம்" என்று இழுப்பேன், அவர்கள் பயந்துபோவார்கள். ஆனால் நம்பர் படிக்கத் தெரியும். பெடலை நானே கையால் மெதுவாக அழுத்தினேன். ஒரு சென்சாரின் நம்பர் ஒழுங்காக ஏறியது. அடுத்ததன் நம்பர் பாதி வழியில் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்து, திரும்ப எழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினேன். அதே இடத்தில் விழுந்தது.

குனிந்து ஒயர் சொருகும் இடத்தைக் கழற்றினேன். உள்ளே பித்தளை எல்லாம் பச்சைப் பாசி. மோந்து பார்த்தேன். வஞ்சிரம்.

வாரம் ஒரு நாள் விடியற்காலை காசிமேட்டில் நிறுத்தி மச்சான் மீன் வாங்குவார். ஐஸ் போட்ட பையைக் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். உருகின உப்புத்தண்ணீர் அந்த டப்பாவுக்குள்தான் இறங்கியிருக்கிறது. மீன் யாருக்கு? தங்கச்சி வீட்டுக்கு. அதாவது அந்தக் கோளாறை வருஷக்கணக்காகக் குழம்பு வைத்துத் தின்றவன் நான்.

"மச்சான்! உன் காலு இல்ல! மீன் தண்ணி!"

ஓனருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்ப் புதுப் பெடல் வாங்கி வந்து மாட்டினேன். வரிசை அசையவே இல்லை. மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டு, "மீன் தண்ணிடா, வேற ஒண்ணும் இல்ல" என்றார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் எண்ணெய்க் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்.

அதோடு மெஷினைக் கழற்றியிருக்கலாம். பெரிய மெக்கானிக் என்ற நினைப்பில் கடைசியாக ஒரு சோதனை செய்தேன்.

"பாதி மிதி மச்சான். அப்டியே வெச்சுக்கோ."

எஞ்சின் அலறியது. பாதி மிதித்தால் ஐம்பது காட்ட வேண்டும். திரையில் எண்பத்தெட்டு.

"பாதிதான் சொன்னேன்."

"பாதிதான்டா மிதிக்கிறேன்."

"கொஞ்சம் கம்மி பண்ணு."

"பண்ட்டேனே."

எண்பத்தேழு. மச்சானும் திரையை எட்டிப் பார்த்தார். நம்பர் படிக்க அவருக்கும் தெரியும். காலைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். பெடல் சரியாகிவிட்டது. இனிமேல் சொல்வதற்கு வேறு கோளாறு இல்லை.

கடையில் கடன் சொல்லிக் கெஞ்சுகிற மாதிரி கேட்டார்: "மாப்ளே, அந்தப் பழசையே மாட்டிடேன்."

பழைய பெடலைத் துணியில் சுற்றி என் பைக்குள் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து வரிசை அசைந்தது. பின்னால் இருபது ஹாரன். எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர்களும் அவரவர் வண்டிக்கு ஓடிவிட்டார்கள். "எடு மச்சான், நான் சொல்றேன்" என்று பக்கத்து சீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மிதித்தார், நான் படித்தேன்.

"நாப்பது. கம்மி பண்ணு. முப்பது. இன்னும். இருபது, அப்டியே வை. பிரேக்கு மச்சான், பிரேக்கு."

"கத்தாதடா, காது நல்லா கீது."

நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நான் நம்பரை விட்டு எடுக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு கால் ஆனோம்.

துறைமுக கேட்டில் பாஸ் இல்லாதவன் இறங்கியாக வேண்டும். ரோட்டைப் பார்க்கிறவருக்குப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் மெஷின் எதற்கு? கழற்றிக்கொண்டு இறங்கினேன். "தங்கச்சிகிட்ட சொல்லாத. வந்து நானே சொல்லிக்கறேன்" என்றார் மச்சான்.

அன்று சாயங்காலம் பத்திரமாக வெளியே வந்தார். மறுநாள் சாவியை ஓனரிடம் கொடுத்தார். கண் சரியில்லை என்று காரணம் சொன்னார். காலைப் பற்றிப் பேசவில்லை. இப்போது தங்கச்சி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே எது எந்த கியரில் போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்க நான் ஒருத்தன்.

இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது தெரியாது. கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி உள்ளே ஏறும் சத்தம் கேட்டது. என்னையறியாமல் வாய் சொல்ல ஆரம்பித்தது: "முப்பது. கம்மி பண்ணு. இருபத்தஞ்சு. அவ்ளோதான், அப்டியே வை."

"யோவ், இன்னா தனியா பேசிகினு கீற? தள்ளி நில்லு" என்றார் காவலாளி.

தள்ளி நின்றேன். கன்டெய்னர்களுக்கு நடுவே வண்டி மறைந்துவிட்டது. இருக்கிற சத்தங்களில் எது மச்சானுடையது என்று பிரித்தறிய முடியாமல் போனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.