பொடியும் விளிம்பும்

சோலைமலை பெட்டி விளக்கைப் போடுமுன் வானொலியை அணைத்துவிடுவார். ஸ்லைடு பார்க்கும்போது காதும் சும்மா இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பெட்டி விளக்கின் பால்நிறக் கண்ணாடியின்மேல் இரண்டு ஸ்லைடுகளை அருகருகே வைப்பார். கம்பளிச் சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, மூக்கு மேசையில் முட்டும் அளவுக்குக் குனிவார்.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் அவருடைய ஸ்டூடியோ வயிறு வளர்ப்பது அடையாள அட்டைப் படங்களாலும் கல்யாணங்களாலும். அதற்கெல்லாம் டிஜிட்டல் கேமரா. கலர் ஸ்லைடு ஃபிலிம் தனக்காக மட்டும். அதுவும் குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் வேகமான ரகமாக இருக்க வேண்டும். பனி இறங்கினால் பட்டப்பகலிலேயே வெளிச்சம் படுத்துவிடும் ஊரில் மெதுவான ஃபிலிம் எதற்கு என்பார். கொழும்பில் ஒருவர் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் பழைய சுருள்களை வாங்குவார். சென்னைக்குப் போகிறவர்களிடம் கொடுத்துக் கழுவி எடுப்பார். எந்த ரகம் கிடைத்தாலும் எடுப்பது ஒரே காட்சியைத்தான்: நோர்வூட் பாதையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயத்துத் தகரக்கூரை, அதன் முன்னால் கம்பிக் கொடியில் காயும் சேலை, சாரம் போன்ற துணிகள்.

ஃபிலிமில் வேகம் கூடினால் படத்தில் மணல் தூவியதுபோலப் பொடி தெரியும். அதைத் தரம் பிரிக்கத் தேயிலைத் தூளின் பெயர்களே அவருக்குப் போதும்.

"இது டஸ்ட். எம்புட்டு நைஸு பாருங்க. இது பி.ஓ.பி., பொடி பெருசு."

"அப்ப டஸ்ட்தானேண்ணே நல்லது?" என்பார் பக்கத்துக் கடை நஸார், தேநீர் கிளாசோடு.

"அதான் இல்லங்கிறேன். நைஸா இருந்தாப் போதுமா? கொடிக் கம்பியோட விளிம்பு மழுங்கிப் போச்சு பாருங்க. பி.ஓ.பி.ல கம்பி கத்தி மாதிரி நிக்குது."

"எனக்கு ரெண்டுலயும் சாயம் போன சாரம்தான் தெரியுது."

இந்த ஐப்பசி மழையில் அந்த வழக்கு நின்றுபோனது. இரண்டு ஸ்லைடிலும் கம்பி ஒரே மாதிரி மங்கலாகத் தெரிந்தது. பழைய ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தார், அவையும் அப்படியே. அவருக்கு இருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கண்ணைக் கெடுக்கும் என்று கிளினிக்கில் டாக்டர் எச்சரித்திருந்தார். கல்யாணப் படங்கள் தெளிவாகத்தான் வந்தன. அது தானே ஃபோகஸ் செய்துகொள்ளும் கேமராவின் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டார். கண் போனால் ஸ்டூடியோவும் போனது போலத்தான். கிளினிக்குக்குப் போகாமல் தள்ளிப்போட்டார். தேநீரில் சீனியை மட்டும் யாரும் சொல்லாமலே நிறுத்தினார். மனைவி நாகலெட்சுமிக்குச் சந்தேகம் தட்டியது அதில்தான்.

ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றாள். "என்னாங்க, வெளக்கப் போடுறீங்க, பேசாம அணைக்கிறீங்க. என்னா சங்கதி?"

"கண்ணு போச்சு, லெட்சுமி. பொடியே தெரியல."

அவள் உருப்பெருக்கியைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்ல. இதுக்குள்ளதான் பூசணம் புடிச்சிருக்கு, செலந்தி வலை மாதிரி. மத்த லென்சுக்கெல்லாம் பல்பு எரியிற பெட்டி, இத மட்டும் ஈரச் சட்டையில போட்டுக்கிட்டுத் திரிஞ்சா?"

ஹட்டன் ஈரத்துக்குப் பயந்து லென்சுகளைக் கைக்குழந்தை போலக் கதகதப்பில் வைத்திருக்கும் சோலைமலை, பைக்குள் கிடந்த இதை ஒரு லென்சாகவே நினைத்ததில்லை.

பல்புப் பெட்டியிலிருந்து ஒரு கேமரா லென்சை எடுத்து, தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக்கி, ஸ்லைடின்மேல் குனிந்தார். கம்பி கத்தி மாதிரி நின்றது. துணிகளின்மேல் பொடி தனித்தனியாகத் தெரிந்தது.

"பி.ஓ.பி.!" என்று கத்தினார்.

"யாவாரத்தக் கெடுக்காதீங்கண்ணே!" என்று சுவருக்கு அந்தப்பக்கம் நஸாரின் குரல் கேட்டது.

"கத்துனது போதும். கிளினிக்குக்கு நாளைக்குப் போயே ஆகணும்" என்றாள் நாகலெட்சுமி.

தலையாட்டிக்கொண்டே நிமிர்ந்த சோலைமலை அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னா, நானும் ஸ்லைடா?"

அவர் கையை நீட்டி, அவள் புருவத்தில் ஒட்டியிருந்த ஒரேயொரு ரொட்டி மாத் துகளை விரல்நுனியால் ஒற்றி எடுத்தார்.