அடி அண்ணாமலையில் சோற்று நாளுக்குக் காத்திருந்தது

ஜூலை 20, ஞாயிறு, ஆடி 4. காலை 7.15க்குக் கிளாம்பாக்கத்தில் ஏறினேன். டிக்கெட் நூற்றெண்பது ரூபாய். திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மணி 11.40. பையில் துணிகளைவிடச் சாப்பாட்டுச் சாமான் அதிகம்: வெண்ணெய் ஒரு கிலோ, நெய் அரைக் கிலோ, பாதாம், தேங்காய் எண்ணெய், கல்லுப்பு ஒரு பொட்டலம், சர்க்கரை பார்க்கும் கருவி, கோடு போட்ட நோட்டு ஒன்று.

பேலியோ என்று நம் ஊரில் சொல்லும் உணவுமுறைதான். அரிசி, கோதுமை, கிழங்கு, பழம், இனிப்பு கிடையாது; வயிறு நிறையக் கொழுப்பு. நான் படித்த புத்தகங்களில் ஒன்று இடையிடையே மாவுச்சத்தைத் திரும்ப ஏற்றச் சொல்கிறது: பதினாலு நாள் நிறுத்தி, பதினைந்தாம் நாள் சோறு. அந்த நாளுக்குச் சோற்று நாள் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். இன்று முதல் நாள் என்றால் சோற்று நாள் ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. கலந்த சாதங்கள் செய்யும் நாள். தேதி பார்த்துத்தான் புறப்பட்டேன். என் மருத்துவரும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்திருந்தார்.

இது எனக்கு இரண்டாம் முயற்சி. முதல் முயற்சி அலுவலகத்தில் தோற்றது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் இருந்தேன். மதியம் ஒன்றேகாலுக்கு ஐந்து பெண்கள் ஐந்து டப்பாக்களைத் திறந்து நடுவில் வைப்போம். என் டப்பாவில் வெண்ணெயில் வதக்கிய பனீர் வந்த வாரத்தில் யாரும் அதில் கை வைக்கவில்லை. அவர்களுடைய எலுமிச்சை சாதத்தை நான் தொட முடியவில்லை. நான்காம் நாள் தொட்டுவிட்டேன். மே மாதம் ஓய்வு பெற்றதோடு அந்த மேசையும் போயிற்று. தாம்பரம் வீட்டில் நான் மட்டும்தான். அங்கேயே இதைச் செய்திருக்கலாம். ஆனால் அங்கே ஒன்றேகால் மணி தினமும் வந்தது. சாப்பிட்டாயா என்று யாருமே கேட்காத ஓர் ஊரில் இருந்தால் சுலபமாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

அறை அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில், மாடியில். இரவுக்கு ஐந்நூறு. ஆட்டோ இருநூற்றைம்பது கேட்டது.

"பௌர்ணமி இல்லியே மேடம், இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா இருக்கத்தான்."

"சும்மா இருக்கறவங்க எல்லாம் ரமணாசிரமம் பக்கம்தான் தங்குவாங்க. இந்தப் பக்கம் வேர்க்கடலை போடறவங்கதான் இருக்காங்க."

வீட்டுக்காரம்மா செல்வி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சொந்த வேன் ஓட்டுகிறார். ஒரு ஏக்கர் வேர்க்கடலையும் உண்டு. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "மாடியில முட்டை, கறி வேணாம் மேடம். மத்தபடி எது வேணா ஆக்கிக்கோங்க." திட்டத்திலிருந்து முட்டையை நீக்கினேன். மீதி பனீர், தேங்காய், கீரை, தயிர்.

ஜூலை 22, மூன்றாம் நாள். காலையிலிருந்து தலையை ஈரத்துணி பிழிவதுபோல் யாரோ முறுக்கினார்கள். வாயில் இரும்பு ருசி. படி இறங்கித் தெருமுனைக் கடைக்குப் போய் வருவதற்குள் கால் துவண்டது. காலை எடை 71.4, வெறும் வயிற்றுச் சர்க்கரை 138. இது உடம்பு பழகும் வாரம். உப்பும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. கல்லுப்பைக் கரைத்துக் குடித்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அழுத்திவிட ஆள் இல்லாததால் சுவரில் பாதத்தை ஊன்றி நின்றேன். சன்னலில் மலை. பெரிய கோயில் பக்கத்திலிருந்து பார்த்தால் கூம்பு. இந்தப் பக்கத்திலிருந்து அகலமாகக் குந்தியிருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி. பனீர் தீர்ந்துபோய் ரமணாசிரமம் பகுதிக்குப் போனேன். செங்கம் சாலையில் ஓர் உணவகத்தில், இனிப்பில்லாத வெண்ணெய்ப்பழ (அவகாடோ) சாலட் இருநூற்று நாற்பது ரூபாய். ஒன்பது மேசைகள், ஒன்பது பேர், மேசைக்கு ஒருவர். வெளிநாட்டினர் ஐந்து, நம்மவர் நான்கு. யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை. நான் தேடி வந்தது இதைத்தான் என்று நினைத்தேன். பாதி சாலட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு, எட்டாம் நாள். தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். செல்வி கூப்பிட்டதால் வேடிக்கை பார்க்கப் போனேன். அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ்; தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. ஒரு பெரியவர் என் கையில் டம்ளரைக் கொடுத்து நிறைய ஊற்றிவிட்டார். அம்மன் கூழை வேண்டாம் என்று சொல்பவர் ஊரில் கிடையாது. எனக்கோ அந்த ஒரு டம்ளரில் எட்டு நாள் போய்விடும். குடிக்காமல் நின்றேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா செல்வி, உங்க மெட்ராஸ்காரம்மாவுக்குக் கூழு எறங்காதா? ஸ்ட்ரா வாங்கி வரட்டா?"

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். செல்வி சட்டென்று சொன்னார்: "வாய வெச்சிகினு சும்மா இரு கன்னியம்மா. மேடம் விரதம். வந்ததுலருந்து சோத்தத் தொடல. நான் பாத்துக்கினுதான இருக்கேன்?"

சிரிப்பு நின்றது. கன்னியம்மாவே என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். "தெரியாம சொல்லிட்டேங்க" என்றாள். கூட்டம் எனக்கு வழி விட்டது. இல்லை, இது சர்க்கரைக்காக என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரமாக என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. சொல்லவில்லை.

அன்றிலிருந்து செல்வி தினமும் காலையில் மாடிக்கு வந்தார். மோர், முருங்கைக்கீரை, தேங்காய்க் கீற்று. நான் உப்புத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து ஒருநாள் முகவாயில் கை வைத்தார்.

"விரதம்னா உப்பக் கம்மி பண்ணுவாங்க. நீங்க இன்னா மேடம் இவ்ளோ ஜாஸ்தி போடறீங்க?"

"இது வேற மாதிரி."

"எந்த சாமிக்கு?"

நான் சன்னல் பக்கம் பார்த்தேன். அங்கே மலை இருந்தது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாளுக்குப் பிறகு தலைவலி போயிற்று. சர்க்கரை 112. பசியும் போயிற்று. பசி போனால் நாளில் மணிகளே இல்லை என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. எட்டு மணி, ஒன்றேகால், நாலு மணி எல்லாம் ஒரே வெயில். செல்வி படியேறும் சத்தம் மட்டும் ஒரு மணியாக இருந்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி. செல்வி கீழேயே உட்கார்ந்து மகளைப் பற்றிச் சொன்னார். கவிதா, கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மூன்று வருடம். இரண்டு முறை தங்கவில்லை. இரண்டும் மூன்றாம் மாத ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று தெரிந்தது. இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலையில் ஸ்கேன்.

"உங்க விரதத்துல அவ பேரையும் சேத்துக்கோங்க மேடம். எப்ப முடிக்கிறீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை."

விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு நாள் முன்னாடியே முடியுதே. செவ்வாக்கிழம வரைக்கும் இழுக்க முடியாதா? அன்னிக்கு எங்க வீட்லயே முடிச்சிக்கலாம். விரதத்தத் தனியா சாப்ட்டு முடிக்கக் கூடாது. கூட ஒருத்தர் உக்காந்து சாப்டணும். எங்க வீட்ல அப்டித்தான்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரி" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஆடி 18. கீழ் வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் வாசனை காலை ஏழு மணிக்கே ஏறியது. எலுமிச்சை, தேங்காய், தயிர், புளி என்று நாலு சாதம் என்பது தாளிக்கும் வாசனையிலேயே தெரிந்தது. இதற்காகத்தான் தேதி குறித்து வந்திருந்தேன். கடைக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டால் யாருக்கும் தெரியாது. என் புத்தகப்படி தவறும் இல்லை. செருப்பைக்கூட மாட்டினேன். கழற்றிவிட்டு, வெண்ணெயில் பீர்க்கங்காயை வதக்கிச் சாப்பிட்டேன். நோட்டில் பதினைந்தாம் நாள் என்று எழுதி, காரணம் எழுத இடம் இருந்தும் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள், மாலை 5.30. செல்வி ஒரு மஞ்சள் துணித்துண்டும் ஒரு ரூபாய் நாணயமும் கொண்டு வந்தார். வேண்டுதலுக்குக் காசு முடிந்துவைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான்.

"உங்க கையால முடிங்க மேடம். பதினாறு நாள் விரதம் இருந்த கை."

துணியில் நாணயத்தை வைத்தேன். ஒரு சுற்றுச் சுற்றினேன். முடிச்சுப் போட வரவில்லை.

"செல்வி, இது விரதம் இல்ல. எனக்குச் சர்க்கரை. அதுக்கான சாப்பாடு. பதினாலு நாள் சோறு விட்டு, ஒருநாள் சாப்பிடணும். எந்தச் சாமிக்கும் நான் வேண்டிக்கல."

செல்வி என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கூழு?"

"குடிச்சா சர்க்கரை ஏறும்னுதான்."

"எட்டு நாளா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். கவிதா கிட்ட சொல்லிட்டேன். பயப்படாதடி, நம்ம மாடியில ஒரு அம்மா உனக்காகச் சாப்டாம இருக்காங்கன்னு." நாணயத்தையும் துணியையும் என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "சாப்டுறதுக்கு ஒரு கணக்கு, சாப்டாம இருக்கவும் ஒரு கணக்கு. படிச்சவங்க நீங்க." படி இறங்கும் சத்தம் பதினெட்டு. எண்ணினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய். காலை 6.10. வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. செல்வி மாடியேறி வந்தார். உள்ளே வரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். உங்க டாக்டர் கணக்குக்கு நீங்க என்னிக்குச் சோறு சாப்ட்டிருக்கணும்?"

"ஞாயிற்றுக்கிழமை."

"ஏன் சாப்டல?"

"நீங்க கேட்டீங்களே."

"அந்த பதினாலு நாள் உங்களுக்கு. இருக்கட்டும். ஞாயிறும் திங்களும் யாருக்கு?"

அவர் மஞ்சள் துணியை நீட்டினார். "முடிங்க. டைம் ஆவுது."

முடிந்தேன். இறுக்கமாக, இரண்டு முடிச்சு. அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "கீழ சோறு ஆக்கி வெச்சிருக்கேன், பருப்புக் குழம்பும் இருக்குது. நான் வந்தாத்தான் சாப்டணும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

கீழ் வீட்டுச் சாவியை எனக்காக வாசற்படியில் வைத்திருந்தார். பெட்டி கட்டினேன். ஊர் திரும்ப ஆகஸ்ட் 5, 3.30 பேருந்து என்று வந்த அன்றே நோட்டில் எழுதியிருந்தேன். பன்னிரண்டு. ஒன்றேகால். அவர்கள் வீட்டுக் கூடத்தில் தட்டைப் போட்டுக்கொண்டு, சோற்றுக் குண்டான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு நாளாக இல்லாத பசி எங்கிருந்தோ வந்து நின்றது. 1.52க்குப் போன் அடித்தது.

"மேடம், துடிப்பு இருக்குது. நானே கேட்டேன். டக்கு டக்குனு குதிரை ஓடற மாதிரி." பின்னால் யாரோ அழுதுகொண்டே சிரித்தார்கள். கவிதாவாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

பிறகு செல்வி கேட்டார்: "சாப்ட்டீங்களா?"

"நீங்க வரலையே."

"ஐயோ, டாக்டரப் பாக்கணும், நாங்க வர நாலரை ஆயிடும். உங்களுக்கு பஸ் போயிடுமே. இருங்க, வெச்சிடாதீங்க." சத்தம், கூட்டம், சில்லறை குலுங்கும் ஒலி. "ஒரு பன்னு வாங்கிட்டேன். கடிச்சிட்டேன். ம், இப்ப நீங்க."

பிசைந்து ஒரு வாய் வைத்தேன். பதினாறு நாளுக்குப் பிறகு சோறு இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் பன் மெல்லும் சத்தம். நடுவில் ஒருமுறை, "உப்பு போதுமா?" என்றார். போதும் என்றேன். பன் தீர்ந்ததும் வைத்துவிட்டார். எனக்கு இன்னும் பாதித் தட்டு மீதி இருந்தது.

நாலரை வரை இருந்திருக்கலாம். ஓர் இரவு கூடுதலாகத் தங்கவும் தடை இல்லை. தேதியை மாற்ற எனக்கு ஏனோ கை வரவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்து, இரண்டு சாவிகளையும் வாசற்படியில் வைத்துவிட்டு 2.40க்குக் கிளம்பினேன்.

பேருந்து கீழ்பென்னாத்தூரைத் தாண்டியபோது மணி 4.05. கடைத்தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தேன். எந்த வீடு என்று கேட்டுக்கொள்ளவில்லை. தாம்பரத்தில் என் சமையலறை எப்படி இருக்கும் என்று தெரியும்: சுத்தமாக, விட்டுவந்தபடியே. இங்கே நான் பதினாறு நாள் சாப்பிடாததை ஒரு தெருவே அறிந்திருந்தது. அங்கே நான் சாப்பிடுவதையும் யாரும் அறியப் போவதில்லை.

நோட்டை எடுத்தேன். தேதி, உணவு, எடை, சர்க்கரை என்று பக்கத்துக்கு நான்கு பத்திகள். வண்டி ஆட்டத்தில் கோணலாக ஐந்தாவது கோடு ஒன்று இழுத்து, மேலே 'யாருடன்' என்று எழுதினேன். ஆகஸ்ட் 5க்கு நேராக: செல்வி, போனில். அதற்கு மேலே பதினாறு கட்டங்கள் காலி. அடுத்த சோற்று நாள் ஆகஸ்ட் 20, புதன். அந்தத் தேதியையும் எழுதினேன். செஞ்சி வந்தது, திண்டிவனம் வந்தது. அந்தத் தேதிக்கு நேரான 'யாருடன்' கட்டத்தில் பேனாவை வைத்தபடியே இருந்தேன்.