மூளையை ஓடவைக்கும் சிகரெட்

இரண்டாயிரங்களில் ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க்கில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எந்த முடிவும் ஆபீசுக்குள் எடுக்கப்பட்டதே இல்லை. கேட்டுக்கு வெளியே தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று இருந்தது. டப்ரி என்பார்கள். எங்கள் டீம் லீடும் மற்ற ஆண்களும் அங்கே போய் ஊதிவிட்டு வந்து, டிசைனை மாற்றிவிட்டோம் என்பார்கள். காலையிலிருந்து அதே டிசைனோடு மண்டையை உடைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

லீட் கோயமுத்தூர்க்காரர். "என்ன பண்றதுங்க, ரெண்டு இழுப்பு இழுத்தாத்தான் மூளையே ஓடுது" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு தாங்களும் பழகினார்கள். ஊதிவிட்டு வந்ததும் அவர் தெளிவாக இருந்தது உண்மைதான். அதற்கு முன் எல்லோர் மீதும் எரிந்து விழுந்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததைப் பக்கத்து சீட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். சிகரெட் பிடுங்கிக்கொண்டதைச் சிகரெட்டே திருப்பிக் கொடுத்தது. அதற்குப் பெயர் மூளையாம்.

அந்தச் சமயம் எங்கள் பிரிவில் இன்னொரு லீட் பதவி காலியானது. எனக்கு வேண்டும் என்று மானேஜரிடம் வாய்விட்டே கேட்டிருந்தேன். அதற்குள் கிளையண்டுக்காக ஒரு சாஃப்ட்வேர் சோதனை வந்தது. பூட்டிய அறை, முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது. உள்ளே லீடும் நானும் மட்டும். மதியத்துக்குள் சிகரெட் இல்லாமல் லீட் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க ஆரம்பித்தார். அழிக்கக்கூடாத டேட்டாவை அழித்துவிட்டார். கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பாழானதைச் சரிசெய்து சோதனையை முடித்துக் கொடுத்தவள் நான். கதவு திறந்ததும் லீட் டப்ரிக்கு ஓடினார். மானேஜர் அங்கேதான் காத்திருந்தார். நான் கேப் பிடித்து பாணேரில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பதவி டப்ரிக் கூட்டத்தில் ஒருவனுக்குப் போனது. மானேஜர் என்னையும் லீடையும் உட்காரவைத்து ஹிந்தியில் விளக்கினார். என் வேலையில் குறையில்லையாம். டீமோடு நான் கலப்பதில்லையாம். அன்றைக்கு அந்த அறையில் சோதனையை முடித்தது யார் என்று அவரிடமே கேட்டேன்.

அவர் லீடின் தோளில் கை வைத்தார். நாள் பூராவும் ஒரு சிகரெட்கூட இல்லாமல் இந்த மனிதர் தனியாளாக முடித்துக் கொடுத்திருக்கிறார், அந்த மனவுறுதியை நீ கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

லீட் என்னைப் பார்க்காமல் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு டப்ரிக்குக் கிளம்பினார்.