கடற்காற்றுக்கு ஒரு கதவு

“தங்கச்சி, நீ கேக்குற சைசு கோட்டைக் கதவுக்குத்தான் சரி” என்று சிரித்தார் டோர் குளோசர் மாட்ட வந்த ஃபிட்டர்.

திருவொற்றியூரில் எங்கள் ஆலையின் மருந்தறைக் கதவு கடலைப் பார்த்திருந்தது. காற்றில் அது அறைந்து சாத்திக்கொண்டதில் ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கிவிட்டது. கதவை மெல்லச் சாத்த வைக்கும் டோர் குளோசரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, ஸ்டோர் குமாஸ்தாவான எனக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கடற்காற்று வலுக்கும் பிற்பகலில் போய்க் கதவைப் பிடித்துப் பார்த்த பிறகே பெரிய சைசாகக் கேட்டேன்.

அவர் காலையில் வந்து சின்னதையே மாட்டினார். அகன்ற தோளும் வெற்றிலைச் சிவப்பேறிய வாயுமாக இருப்பார். மாட்டிய கதவை இடுக்கில் தன் கையை வைத்துத்தான் சோதிப்பார்.

“பாத்தியா, பூ மாதிரி சாத்துது.”

“கையை எடுங்க அண்ணாத்தே. கடக்காத்து வரட்டும், அப்புறம் வையுங்க.”

“காத்துக்கு டூட்டி டைம் கீதா இன்னா?”

ஆனாலும் காத்திருந்தார். பிற்பகல் காற்றில் கதவு படாரென்று அறைந்தது. அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார். சின்னதைக் கழற்றிப் பெரியதை மாட்டினார். பிறகு அதே காற்றில், கதவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடி கையை இடுக்கில் வைத்தார். கதவு மெல்ல வந்து அவர் விரலைத் தொட்டு நின்றது.

இடுக்கில் ஒரு மரக்கட்டையை வைத்துச் சோதித்தாலே போதுமே, ஏன் கையை வைத்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்து குளோசர் மாட்ட வேண்டியது கிடங்குக் கதவு. நேற்றுப் பிற்பகல் காற்றிலேயே போய் அதைப் பிடித்துப் பார்த்து அளந்துவிட்டேன்.