கப்பல் தாத்தா வீட்டு ஆட்கள்

எங்கள் குடும்பத்தில் யாரும் கடலில் கால் நனைக்கக் கூடாது. திருச்சியில் இருப்பவர்களுக்கு இது ஒரு கஷ்டமா என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாம் வகுப்பில் வேளாங்கண்ணிக்குச் சுற்றுலா போனபோது என் வகுப்பே அலையில் புரண்டுகொண்டிருக்க, நான் மட்டும் நாற்பது ஜோடிச் செருப்புகளுக்குக் காவலாகக் கரையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை எழுதிக் கொடுத்த கடிதம் முன்கூட்டியே டீச்சரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

காரணம் கப்பல் தாத்தா. அவர் ஜெர்மனிக்காரர். திருச்சியில் ஒரு கிறிஸ்தவ அச்சுக்கூடத்தில் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர், இங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைச் சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். மகளுக்கு மூன்று வயதானபோது, ஊரில் தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று கடிதம் வந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிட்டது. அந்த மூன்று வயது மகளுடைய பேத்திதான் என் அத்தை. அத்தையின் தம்பிகள் அப்பாவும் சித்தப்பாவும்.

கப்பல் தாத்தாவின் மனைவிக்கு எங்கள் வீட்டில் கப்பல் பாட்டி என்று பெயர். அவள் கப்பலைக் கண்ணால் பார்த்தவள்கூட இல்லை. கடலில் இறங்கக் கூடாது என்ற சட்டம் அவள் போட்டது. அதை எங்கள் காலம்வரை காப்பாற்றி வந்தவர் அத்தை. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, திருச்சி புத்தூரில் எங்களோடு இருந்தார். அவருடைய கண்கள் சாம்பல் நிறம். கப்பல் தாத்தா கொடுத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கு அந்தச் சொத்தில் பங்கு கிடைக்காத வருத்தம் நிறைய இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சித்தப்பா, ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பினார். அதை வைத்து உலகத்தில் யார் யார் நமக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். எச்சிலுக்கு இவ்வளவு மரியாதையா என்று அம்மா சிரித்தார். நாலு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி சித்தப்பாவுக்கு எழுதினார். அவருடைய குடும்பப் பெயரும் கப்பல் தாத்தாவின் குடும்பப் பெயரும் ஒன்று. நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்.

கப்பல் தாத்தாவின் அண்ணன் தம்பி வழியில் வந்தவராக இருக்கும் என்று எங்கள் வீட்டில் தாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது, குளியலறையில் வெந்நீருக்கு ஹீட்டர் மாட்ட வேண்டியிருந்தது. மிளகாய் போடாமல் என்னென்ன சமைக்கலாம் என்று அம்மா, தான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில், எங்கள் வீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “உன் மூஞ்சிய கண்ணாடியில பாத்திருக்கியா?” என்றாள்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் கப்பல் பாட்டியின் கல் இருக்கிறது. வருகிறவர்களை அங்கே கூட்டிப்போகும்போது அதிலுள்ள வாசகத்தைத் தமிழில் படித்து, பிறகு இங்கிலீஷில் சொல்வது என் பொறுப்பு. அகராதியைப் பார்த்து மொழிபெயர்த்துக் கொடுத்தவர் அத்தை. ஒரு வாரம் காலையும் மாலையும், பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதுபோல என்னை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னார். கையை ஆட்டாதே, ‘விடோ’ என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்து என்றெல்லாம் திருத்தினார்.

விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே போய்விட்டோம். நான் பெயர் எழுதிய அட்டையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. தள்ளுவண்டியோடு வெளியே வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், அத்தையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அத்தையும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே கண்கள். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் வந்த அவருடைய கணவர் வண்டியில் இடித்துக்கொண்டார். “அக்கா...” என்று அப்பா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை தடுப்புக் கம்பியைத் தாண்டிப் போயிருந்தார். அறுபது வயதில் அத்தை ஓடி அன்றுதான் பார்த்தேன். அந்த நிமிடமே அந்த வெள்ளைக்கார அம்மாள் எனக்கு ஜெர்மனி அத்தை, அவர் கணவர் ஜெர்மனி மாமா.

அடுத்த இரண்டு நாட்களும் நான் தரையில் நடந்ததாக ஞாபகம் இல்லை. ஜெர்மனி மாமா மணப்பாறை முறுக்கைக் கடித்துவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பாக்கெட்டை விடவில்லை. ஜெர்மனி அத்தை அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறத் தெரியாமல் நடுவில் நின்று சிரித்தார். அவர் மெதுவாகப் பேசிய இங்கிலீஷ் எனக்கு நன்றாகப் புரிந்தது. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பாவுக்கும் இங்கிலீஷ் தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூச்சப்படுவார். சித்தப்பாவுக்குச் சென்னையிலிருந்து வர லீவு கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது. தேர்தலில் ஜெயித்தவர்போல நான் திரிந்தேன்.

இரண்டாம் நாள் ஸ்ரீரங்கம் போனோம். ஜெர்மனி அத்தை கொண்டுவந்த அட்டைப் பையில் கப்பல் தாத்தா தன் கையால் வரைந்த ஒரு படம் இருந்தது. தென்னை மரங்கள், ஓட்டு வீடுகள், அதற்குப் பின்னால் பெரிய கல் கட்டடம். கீழே ஜெர்மன் எழுத்தில் ஸ்ரீரங்கம் என்று இருந்ததாம். வரைந்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கண்டுபிடிக்க வேண்டும். ராஜகோபுரத்துக்கு எதிரே நின்று படத்தையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. எதிரே இருந்த கோபுரம் வானத்துக்குப் போயிருந்தது. படத்தில் அடித்தளம் மட்டும் தட்டையாக நின்றது. இது வேறு ஊர் என்று அப்பா சொல்ல, ஜெர்மனி மாமாவின் முகம் வாடிவிட்டது.

ஓரமாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார். “அட, மொட்டக் கோபுரம்! நான் கல்யாணமாகி வந்தப்ப இப்படித்தாங்க இருந்துச்சு. அப்புறந்தான் மேல கட்டினாங்க. படம் சரியாத்தான் இருக்கு, நீங்கதான் லேட்டா வந்துட்டீங்க” என்றார்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும் ஜெர்மனி மாமா கைதட்டினார். பூக்காரம்மாளின் பேச்சைக் கேட்டு நாங்கள் தெற்கே கொஞ்சம் நடந்து, இடப்பக்கமாக நகர்ந்து, மறுபடி பின்னால் வந்து, கடைசியில் ஒரு செல்போன் கடை வாசலில் நின்றோம். அடித்தளத்தின் மூலை படத்தில் இருந்தபடியே தெரிந்தது. “இங்கேதான்!” என்று நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். அத்தையும் ஜெர்மனி அத்தையும் அந்த வாசலில் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கப்பல் தாத்தா நின்ற இடத்தில் நானும் நின்றேன்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மற்றவர்கள் எல்லோரும் போனோம். அத்தை முந்தின நாளே ஆள் வைத்து அங்கே புல் செதுக்கியிருந்தார். ஜெர்மனி அத்தை ரோஜாக்கள் வாங்கி வந்திருந்தார். நான் புதுப் பாவாடை சட்டையில் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, கையை ஆட்டாமல் படித்தேன்.

“ஊழியத்துக்கு வந்து கடலில் மாண்டவரின் விதவை, எண்பத்தோராம் வயதில் இங்கே இளைப்பாறுகிறாள்.”

பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னேன். ‘விடோ’வில் சரியாக நிறுத்தினேன். அத்தை தலையசைத்தார். பாராட்டு வரும் என்று ஜெர்மனி அத்தையைப் பார்த்தேன். அவர் பூக்களைக் கல்லில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார். எண்பத்தொன்றா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். கடலிலா என்று கேட்டார். ஆமாம், போகிற வழியிலேயே என்றேன்.

அவர் தன் கணவரிடம் ஜெர்மனில் ஏதோ பேசினார். மாமா வேண்டாம் என்பதுபோலத் தலையாட்டினார். இருந்தாலும் ஜெர்மனி அத்தை பையைத் திறந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். வெள்ளைத் தாடி வைத்த ஒரு கிழவர் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். மடியில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை தன்னுடைய அப்பா என்றார் ஜெர்மனி அத்தை. கிழவர் அவருடைய அப்பாவின் தாத்தா. அச்சுக்கூட வேலையாக இந்தியாவுக்குப் போய்த் திரும்பி வந்தவர்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் துள்ளிவிட்டேன்.

“அத்தை! கப்பல் தாத்தா சாகல! கப்பல் முழுகவே இல்ல! ஊருக்குப் போய்ச் சேந்துட்டாரு! தாடியெல்லாம் வச்சிருக்காரு பாருங்க!”

அத்தை புகைப்படத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிழவரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி கிழவரைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சந்தோஷமான செய்திக்கு ஏன் யாரும் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. என் மனதில் அதைவிடப் பெரிய விஷயம் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப நான் கடல்ல குளிக்கலாமா அத்தை?”

அத்தை புகைப்படத்தை ஜெர்மனி அத்தையிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் தலையைத் தடவி, “குளிக்கலாம்டி” என்றார்.

அன்று எங்கள் தெருவில் இந்தச் செய்தியைக் கேட்காதவர் இல்லை. இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னேன், மளிகைக் கடையில் சொன்னேன். கப்பல் தாத்தா செத்ததாகவே கேள்விப்படாதவர்களிடமும் அவர் பிழைத்துவிட்டார் என்று சொன்னேன்.

சாப்பாட்டு மேஜையில்தான் சத்தம் குறைந்திருந்தது. ஜெர்மனி அத்தை தட்டில் கைவைக்கவே இல்லை. அத்தை அவருக்கு ரசத்தை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அவரு எங்களப் பத்தி எப்பவாவது பேசுவாரான்னு கேளு.”

கேட்டேன். ஜெர்மனி அத்தை பதில் சொன்னார். நடுநடுவே நிறுத்தி, இன்னொரு வார்த்தை தேடிச் சொன்னார். இந்தியாவில் மனைவியும் மகளும் காலராவில் இறந்துபோனதாகத்தான் கப்பல் தாத்தா சொல்லியிருந்தாராம். அதற்குப் பிறகுதான் அங்கே கல்யாணம். சித்தப்பாவின் எச்சில் சொந்தம் என்று வந்தபோது, மகள் மட்டும் எப்படியோ பிழைத்துவிட்டாள் போலிருக்கிறது, அவரால் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாம் அவரைக் கடலில் சாகடித்தால், அவர் நம்மைக் காலராவில் சாகடித்திருக்கிறார்! சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். சொல்லி முடிக்குமுன் அப்பா என்னை வாயை மூடச் சொல்லி அதட்டினார்.

“அவள ஏன் திட்டுற? உள்ளதத்தானே சொல்றா” என்றார் அத்தை.

ஜெர்மனி அத்தை எழுந்து வந்து அத்தையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். நாங்கள் இதைத் தெரியாமல்தான் வந்தோம் என்று சொல்லச் சொன்னார்; சொன்னேன். மன்னித்துக்கொள்ளச் சொன்னார், அதையும் சொன்னேன். அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். “நீ என்னம்மா பண்ணுவ? நமக்கு ரெண்டு பேருக்கும் அவரு ஒரே முறைதான். உக்காந்து சாப்பிடு” என்றார். அதை நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே ஜெர்மனி அத்தை சாதத்தில் கைவைத்துவிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். ரசத்தில் காரம் அதிகமோ என்று நினைத்து ஓடிப்போய்த் தயிர் எடுத்து வந்தேன்.

மிச்சமிருந்த நாட்கள் பழையபடி கலகலப்பாகவே போயின. திருவானைக்காவல் போனோம், மலைக்கோட்டை ஏறினோம். ஊருக்குக் கிளம்பும் காலையில் இரண்டு அத்தைகளும் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்கு மறுபடி போய்வந்தார்கள். மொழிபெயர்க்க நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்கள். விமான நிலையத்தில், அடுத்த கோடை விடுமுறைக்கு எங்களையெல்லாம் ஜெர்மனிக்கு வரச் சொல்லி, மாமா எனக்கு அவர் தொப்பியைப் போட்டுவிட்டார்.

அவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, காரில் அப்பா மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார்.

“அக்கா, கல்லு வெட்டுறவர்கிட்ட சொல்லி அந்த வரிய எடுத்துடலாமா? தப்பா இருக்குல்ல.”

“எது தப்பு?”

“கடலில் மாண்டவர்ங்கறது. வெதவைங்கறதும்தான்.”

அத்தை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தபடி சொன்னார். “அது கப்பல் பாட்டி தானே சொல்லி எழுத வச்சது. கல்ல முன்னாடியே வெட்டச் சொல்லி வாங்கி, கண்ணால பாத்துட்டுத்தான் செத்தாங்க, வயச மட்டும் அப்புறம் வெட்டினோம்னு நம்ம அப்பா சொல்லிருக்காரு. அவங்க என்ன எழுதச் சொன்னாங்களோ அதுவே இருக்கட்டும்.”

கப்பலின் பெயர் என்ன, எந்தக் கடலில் மூழ்கியது, செய்தியை யார் கொண்டுவந்து சொன்னார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. கடிதம் நின்றுபோன ஒரு வீட்டில், மூன்று வயது மகளை வைத்துக்கொண்டு, விசாரிக்கிற ஊருக்கு ஏதோ ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்த ஒரு பெண்ணை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் என்று அத்தைக்கு அந்தக் காரிலேயே தெரிந்திருந்தது.

அன்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப்பிழை இருந்தால்கூடப் பேனாவை எடுத்துத் திருத்துகிறவர், இவ்வளவு பெரிய பிழையைக் கல்லில் அப்படியே விட்டுவைக்கிறாரே என்று நினைத்தேன். அத்தைக்கு வயதாகிவிட்டது, முன்னைப்போல இல்லை என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.